படம் நின்னுபோச்சு

கையத்தானே பாக்கிய? பாருங்கக்கா, தப்பில்ல. தூத்துக்குடியில ரயில் ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டுதான் வாரிய, கேக்கக் கூச்சப்படுதிய. தீக்காயம்தான். கப்பல்ல பட்டது. பழைய தோல் உரிஞ்சு புதுத் தோல் வருது, அதான் வேக வச்ச கிழங்கு கணக்கா இருக்கு. வலி போயிருச்சு. மடக்கத்தான் வர மாட்டேங்கு.

கப்பல்னா சரக்கு ஏத்துற கப்பல் இல்ல. உல்லாசக் கப்பல். ஒரு பெரிய ஓட்டலத் தூக்கித் தண்ணியில வச்சது மாதிரி. மேல நீச்சல் குளம், டான்ஸு, சீட்டாட்டம் எல்லாம் இருக்கும். நான் அதெல்லாம் போட்டோவுலதான் பாத்திருக்கேன். நமக்கு வேலை கீழ, தண்ணி மட்டத்துக்கும் கீழ, சலவைப் பக்கம். வெள்ளைக்காரன் படுத்து எந்திச்ச விரிப்பெல்லாம் வந்து குவியும். தொவைச்சு, காய வச்சு, சுடுற உருளைக்குள்ள விட்டுத் தேச்சு எடுக்கணும். சன்னல் கிடையாது. வெளிய வெயிலா மழையான்னு தெரியாது.

எம் பேரு பிரின்ஸ்டன். வீட்டுக்காரி பேரு ஜெனோவா. அவளக் கூட்டிட்டு வரத்தான் கரூருக்குப் போறேன். கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா. நேர்ல பாத்து ரெண்டு வார்த்தை பேசுனா முடிஞ்சு போற விஷயம்க்கா. எல்லாம் அந்தப் பாழாப்போன நெட்டு பண்ணுன வேலை.

சிரிக்காதிய. நெசமாத்தான் சொல்லுதேன். கப்பல்ல நெட்டுக்குக் குடுக்குற காசுல கரையில ஒரு குடும்பம் சாப்பிட்டுரும். அவ்வளவு குடுத்தும் என்ன கிடைக்கும்? வட்டம் சுத்தும். சுத்திக்கிட்டே இருக்கும். மேல பெரிய பணக்காரங்களுக்கே அதே கதிதான், கவுண்டர்ல நின்னு கத்துவாங்களாம். எங்களுக்குக் குடுக்கதுல மலிவானது ஒண்ணு இருக்கு, அதுல எழுத்து மட்டும் போகும். குரல் போகாது, படம் போகாது. படம் பாத்துப் பேசணும்னா விலை கூடினத வாங்கணும். சம்பளத்துல பாதிய அது முழுங்கிரும்.

அதனால ரெண்டு ரெண்டு பேராச் சேந்து வாங்குவோம். எல்லாக் கப்பல்லயும் இதான் வழக்கம். என் ரூம்ல மேல் கட்டில்ல கெத்துட்னு ஒருத்தன், பாலித் தீவுக்காரன். நானும் அவனும் ஒரு கணக்கு. ஆனா ஒரு கணக்குல ஒரு போன்தான் ஏறும். ரெண்டாவது ஆள் உள்ள வந்தா முதல் ஆள வெளிய தள்ளிரும். அதுக்காக ஒரு ஏற்பாடு வச்சிருந்தோம். உள்ள போறதுக்கு முன்னால கட்டில் சட்டத்துல ரெண்டு தட்டு தட்டணும். மத்தவன் திருப்பித் தட்டுனாத்தான் போகலாம். தட்டாமப் போறவன் மனுஷன் இல்ல. இது பேசி வச்சது, கேட்டியளா. பேசி வச்சத மீறினா யாருக்குன்னாலும் கோவம் வரும்லா?

எனக்குக் கோவமே வராதுக்கா. ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

தெனமும் வேலை முடிஞ்சதும் ஜெனோவாவுக்குப் போடுவேன். அவளுக்கு அப்பப் பகல். எடுத்த உடனே வீட்டச் சுத்திக் காட்டணும். அடுப்படி, குளியலறை, கட்டிலுக்கு அடி, கதவுக்குப் பின்னால, மாடிப்படி. சந்தேகம்னு நினைக்காதிய. அக்கறை. கடலுக்கு அந்தப்புறம் கெடக்கிறவனுக்கு வீட்டப் பாக்கணும்னு இருக்காதா? ஒரு ஜவுளிக்கடையில வேலைக்குப் போயிக்கிட்டிருந்தா, அதையும் நான்தான் நிப்பாட்டினேன். நாலு பேரு வந்து போற இடம். நான் சம்பாதிக்கது யாருக்கு?

அடிச்சிருக்கியான்னு கேக்கிய. எல்லாப் பொம்பளைங்களும் முதல்ல இதத்தான் கேக்கிய. கெளம்புன அன்னைக்கு ஒரு அறை. ஒண்ணே ஒண்ணு. கார் வாசல்ல நிக்கி, என் சட்டை தேய்க்காமக் கெடக்கு. ஊரான் துணியத் தேய்க்கப் போற எனக்கு வீட்டுல ஒரு சட்டை தேச்சு வைக்க ஆள் இல்ல. கை நீண்டுருச்சு. அதுக்கப்புறம் அந்தக் காது சரியாக் கேக்கலைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. போன மத்தக் காதுலதான் வைப்பா. சாக்கு. அறைஞ்சாக் காது போகும்னா எங்க அப்பன் கைக்கு எனக்கு ரெண்டும் போயிருக்கணும்.

ஆனா என் மேல உசுரு. அதச் சொல்லணும்லா. ஒவ்வொரு தடவையும் பேசி முடிக்கையில கேப்பா, "இனி எப்பத்தான் நெட் இருக்காது? எந்தெந்த நாள் நடுக்கடல்ல இருப்பிய?" நான் சொல்லுவேன், இன்ன நாள்ல இருந்து இன்ன நாள் வரைக்கும்னு. மறுநாள் அப்படியே ஒப்பிப்பா. பொஞ்சாதி இப்படி நாள் எண்ணுறான்னு கூட வேலை பாக்கிறவன்கிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லுவேன். அவனுக பொண்டாட்டிக காசு எப்ப வரும்னு கேப்பாளுக. இவ ஒருத்திதான் நான் எப்ப இருக்க மாட்டேன்னு கேப்பா.

அக்கம்பக்கத்துல ஒரு கெழவி பின்னால சொன்னா, நெட் இல்லாத நாள்ல தலைக்குக் குளிச்சு முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு மொட்டை மாடியில பாட்டுக் கேப்பாளாம். அத்தனை வருத்தம் உள்ளுக்குள்ள. தனியாப் போய் ஆத்திக்கிடுதா.

கப்பல் பெரிய கடலத் தாண்டி அமெரிக்கா பக்கம் போற நேரம் வந்துச்சு. அதுல ஒரு வாரத்துக்கு மேல கரையே கிடையாது. நடுவுல சேட்டிலைட்டும் கைவிட்டுரும். அதச் சொன்னேன். "நெசமாவா? ஒரு வாரமா?"ன்னா. கண்ணு நெறஞ்சுருச்சுக்கா. நானே பாத்தேன். "அழாதட்டி, ஓடி வந்துரும்"னு சொன்னேன்.

இப்பச் சொல்லப்போறதக் கேளுங்க. கடல்ல இறங்குறதுக்கு முந்தின நாள். கடைசித் துறைமுகம். சரி, ஒரு வாரத்துக்குப் பேச முடியாது, நல்லாப் பேசிருவோம்னு ரூம் கதவ ஒட்டி நிக்கேன். அங்கதான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். எடுத்தா. வீட்டக் காட்டுன்னேன். அடுப்படியக் காட்டுனா. கொடியில ஒரு சட்டை தொங்குது. யாரு சட்டைன்னு கேட்டேன். உங்க சட்டைதான்னா. என் சட்டை எனக்குத் தெரியாதா? நான் துணிக்காரன். "சத்தியமா உங்க பழைய சட்டைதான், கரித்துணிக்கு எடுத்தேன்"னா. எனக்குச் சத்தம் கொஞ்சம் கூடிருச்சு. கேக்கக்கூடாத வார்த்தை ரெண்டு கேட்டேன். அப்படியே படம் நின்னுபோச்சு.

நிக்கது புதுசு இல்ல. நான் எப்பச் சத்தம் போட்டாலும் படம் நின்னுரும். ராசி அப்படி. வாய் பாதி தொறந்தபடி, கண்ணு ஒரு பக்கம் பாத்தபடி சிலையா இருப்பா. நானும் கொஞ்ச நேரம் "அலோ, அலோ"ன்னு கத்திட்டு வைச்சுருவேன். கப்பல்க்காரனத் திட்டுவேன். நெட்டு விக்கிறவனத் திட்டுவேன். மறுநாள் அவ கேப்பா, "நேத்து என்ன, பாதியில கட்டாயிருச்சே?" நானும் ஆமாம்ட்டின்னு சொல்லிருவேன்.

அன்னைக்கு ஏனோ வைக்கல. பாத்துக்கிட்டே நிக்கேன். அவ அசையல. கண்ணு சிமிட்டல. ஆனா அவ தலைக்கு மேல ஃபேன் சுத்துது.

ஃபேன் சுத்துதுக்கா! சன்னல் துணி ஆடுது. நெத்தியில ஒரு முடி மட்டும் காத்துக்கு இப்படி இப்படிப் போகுது. அவ மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்கா, வாயப் பாதி தொறந்துக்கிட்டு.

நடிக்கா.

பழக்கம் இல்லாம ஒரு பொம்பள அப்படிக் கண்ணு சிமிட்டாம உக்கார முடியுமா? முடியாது. பழகியிருக்கா. கண்ணாடி முன்னால உக்காந்து பழகியிருக்கா! அப்ப இத்தனை மாசமா நின்னதெல்லாம்? எது நெட்டு, எது அவ நடிப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அம்புட்டுக் காசக் கொட்டி அவ மூஞ்சியப் பாத்துக் கத்திக்கிட்டிருந்திருக்கேன், அவ கேட்டுக்கிட்டே கல்லா இருந்திருக்கா. உடம்பெல்லாம் எனக்குத் திகுதிகுன்னு எரியுது. "ஏட்டி, ஃபேன் சுத்துதுட்டி"ன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். அப்பத்தான் அவ கண்ணு லேசா மேல போச்சு, ஃபேனப் பாக்க. மாட்டிக்கிட்டோம்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. மூஞ்சி வெளுத்துப்போச்சு.

அந்த நேரம் பாத்து என்னய வெளிய தள்ளிருச்சு. கெத்துட் உள்ள வந்துட்டான். தட்டாம!

என் நெலமைய யோசிச்சுப் பாருங்க. அவ மூஞ்சி வெளுத்த நேரம், நான் பேச வேண்டிய நேரம், போன்ல வட்டம் சுத்துது. உடனே மலிவுக் கணக்குல, எழுத்து மட்டும் போகும்னு சொன்னேம்லா, அதுல என் தம்பி டெரன்ஸுக்கு எழுதினேன். "வீட்டுக்குப் போ. அவளக் கவனி." அவ்வளவுதான் எழுதினேன். உடனே போய்ச் சேந்துருச்சு. ரெண்டு டிக். வேண்டாத நேரத்துல மட்டும் பறக்கும் பாத்துக்கிடுங்க.

அப்புறம் சலவைக்கு எறங்கிப் போனேன். கெத்துட் வேலையில இருக்க வேண்டியவன், உருளை மிஷினுக்குப் பக்கத்துல போன வச்சுக்கிட்டுச் சிரிக்கான். பல்லக் காட்டிச் சிரிக்கான். என்னயப் பாத்து ஏதோ சொல்ல வந்தான். மூக்குல ஒண்ணு வச்சேன். போன் போய் தண்ணித் தொட்டியில விழுந்துச்சு. அவன் அத எடுக்கக் குனிஞ்சான், முதுகுல ரெண்டு மிதி. எந்திச்சான், வயித்துல குத்தினேன். சின்ன ஆள், எடையே இல்ல, குத்துனாத் துணி மாதிரி மடங்குதான். அப்பத்தான் தேச்சு வச்ச வெள்ளை விரிப்பு பூராவும் ரத்தம். சூப்பர்வைசர் அதுக்குத்தான் முதல்ல கத்தினான்.

ஏன் தட்டலைன்னு கேட்டேன். அழுதுகிட்டே சொல்லுதான், அவன் பொண்டாட்டிக்குப் பிள்ளை பொறந்திருக்காம், அப்பத்தான் பொறந்துச்சாம், மொகத்த ஒரு தடவை பாக்கணும்னு வந்தானாம். தட்டணும்னா ரூமுக்குப் போய்க் கட்டில்ல தட்டணும், அதுக்குள்ள சிக்னல் போயிருமாம். இருக்கட்டும். பொறந்த பிள்ளை எங்கயும் ஓடியா போகப்போகுது? மறுநாள் பாத்தா ஆகாதா? என் வீட்டு விஷயம் அப்படியா?

அவன் தலையப் புடிச்சு உருளைப் பக்கம் தள்ளினேன். சும்மா பயங்காட்டத்தான். சத்தியமாச் சொல்லுதேன், பயங்காட்டத்தான். அவன் வழுக்கி விலகிட்டான். என் கை போய் உருளையில ஒட்டிக்கிட்டு. அதான் இது. என் தோல் கருகுற வாடை எனக்கே அடிக்கி. நாலு பேரு சேந்து என்னய அமுக்கிப் புடிச்சாங்க. ஒரு நீக்ரோக்காரன் முழங்காலக் கழுத்துல வச்சுட்டான். கெத்துட்டுக்குத் தாடை ஒடைஞ்சு போச்சுன்னு பின்னால சொன்னாங்க. எல்லாரும் அவனத்தான் பாக்காங்க. என் கைய யாரு பாத்தா?

கட்டுப் போட்டு ஒரு ரூம்ல அடைச்சு வச்சாங்க. அங்க உக்காந்து யோசிச்சேன். எனக்கு அந்த நல்ல குணம் உண்டுக்கா, ஆறினா யோசிப்பேன். டெரன்ஸ் முரடன். அவன்கிட்டக் கவனின்னு சொல்லியிருக்கக் கூடாதுன்னு தோணிச்சு. போகாதன்னு சொல்லணும். கை முழுக்கக் கட்டு, இடது கையால எழுதிப் பழக்கமில்ல, எழுத முடியல. அதனால வாயால பேசி அனுப்பினேன். "டெரன்ஸ், நீ போகாத. அவளத் தொடாத. நான் வந்து பாத்துக்கிடுதேன்."

பாத்தியளா, எவ்வளவு மனசு எறங்கி நின்னேன்னு.

ஆனா மலிவுக் கணக்குல குரல் போகாதுல்லா. கெத்துட் கூட வாங்கின கணக்க ஆபீஸ்ல நிப்பாட்டிட்டாங்க. அப்புறம் என்ன? வட்டம் சுத்துது. கப்பல் கெளம்பிருச்சு. ஒரு வாரத்துக்கு மேல அந்த வட்டம் என் போன்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பக்கம் கரையத் தொட்டப்பதான் அந்தக் குரல் போய்ச் சேந்துச்சு. அதோட இங்க இருந்து வந்தது எல்லாம் ஒட்டுக்கா வந்து கொட்டிச்சு. "அண்ணே, சொன்னபடி செஞ்சுட்டேன்." "அண்ணே, அவளக் காணும்." "அண்ணே, எங்க இருக்க?"

டெரன்ஸ் கதவ ஒடைச்சுட்டுத்தான் போயிருக்கான். அவ தொறக்கலையாம். போனச் செவத்துல அடிச்சு நொறுக்கியிருக்கான். அதுல நியாயம் இருக்கு, அந்தப் போன்லதானே நடிச்சா. அப்புறம் ரெண்டு அடி. பல்லு ஒண்ணு போச்சாம். அது முன்னமே ஆடிக்கிட்டிருந்த பல்லுன்னு டெரன்ஸ் சொல்லுதான். மறுநாள் போய்ப் பாத்தா வீடு காலி. பையி ரெடியா இருந்திருக்கும் போல, அவ்வளவு சீக்கிரம் கெளம்பிட்டா. துணியத் தோள்ல போத்திக்கிட்டு, வாயப் பொத்திக்கிட்டு, பஸ்ஸ்டாண்டுக்கு நடந்து போனாளாம். யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல.

இப்பச் சொல்லுங்க. அந்த ஒரு குரல் நேரத்துக்குப் போயிருந்தா டெரன்ஸ் போயிருப்பானா? நெட்டு ஒழுங்கா இருந்திருந்தா அவ போறேன்னு எந்திச்ச நிமிஷமே நான் பாத்திருக்க மாட்டேனா? வீட்ட விட்டு ஒரு எட்டு வைக்க விட்டிருப்பேனா? ஒரு குடும்பம் இப்படித்தான் கெட்டுச்சு. வேலையும் போச்சு. அங்கயே எறக்கி விட்டு டிக்கெட் போட்டு அனுப்பிட்டாங்க. இனி எந்தக் கப்பல்லயும் சேக்க மாட்டாங்களாம்.

கரூர்ல ஏதோ துணிக் கம்பெனியில அவ வேலை பாக்கது தெரிஞ்சுருச்சு. பொம்பளைங்க தங்குற விடுதியில இருக்கா. எந்த விடுதின்னுதான் தெரியல. புது நம்பர் கிடைச்சிருக்கு. அவ சித்தி மகன்கிட்ட டெரன்ஸ் வாங்கினான். முதல்ல தரமாட்டேன்னுதான் சொன்னானாம். அப்புறம் தந்துட்டான். விரல் சீக்கிரம் கூடிரும், சின்ன வயசுதானே.

நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கா. என் குரலக் கேட்டா வச்சுருதா. டெரன்ஸ் நம்பரையும் தடுத்து வச்சிருக்கா. அதான் உங்ககிட்ட ஒரு உதவி கேக்கலாம்னு இருக்கேன். நீங்க எறங்குற மதுரை வேற வரப்போகுது. உங்க போன்ல இருந்து ஒரே ஒரு கால் போடுங்கக்கா. பொம்பளக் குரல்னா பேசுவா. பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். தெரிஞ்சவங்க, பக்கத்துல வந்தேன், எந்த விடுதியில இருக்கன்னு கேளுங்க, போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.

குடும்பத்தச் சேத்து வைக்கிற புண்ணியம் உங்களுக்கு. நம்பர் சொல்லுதேன், அடிங்க. ஆமா. ஆமா, கடைசியில ஏழு. ரிங்கு போகுதா? நல்லது. உங்க மாதிரி ஒரு ஆளு அங்க பக்கத்துல இருந்திருந்தா அவ போயே இருக்க மாட்டா.

எடுத்துட்டாளா? பேசுங்க, பேசுங்க. நான் சத்தம் போடல.

என்னக்கா… என்ன சொல்லுதிய? "உன் புருஷன் ரயில்ல வாரான்"னா? எதுக்கு அதச் சொல்லுதிய? அக்கா, விடுதி பேரக் கேளுங்கன்னா… "கதவப் பூட்டிக்கோ, போலீசுக்குப் போ, கம்பெனியில சொல்லு"ன்னா? அக்கா. கைக் காயத்தையுமா சொல்லுதிய? அடையாளம் சொல்லுதியளா? போனத் தாங்க. தாங்கன்னேன்!

நீங்க எல்லாரும் எதுக்குய்யா எந்திக்கிய? உக்காருங்க. நான் இந்தம்மாவ அடிக்கல, கையத்தான் புடிச்சேன். போனு மட்டுந்தான் எனக்கு வேணும். விடுங்கய்யா, வெந்த கைய முறுக்காதிய! இந்தா, போன் கையில வந்துருச்சு, அவ்வளவுதான், உக்காருங்க.

ஏட்டி, ஜெனோவா. நான்தான். வைக்கலையா நீ? லைன்ல இருக்கல்லா, நிமிஷம் ஓடுதுல்லா, தெரியுது. மூச்சு விடுறது கேக்கு. பின்னால மிஷின் ஓடுறது கேக்கு, உன் கூட யாரோ பொம்பளைக நிக்கிற சத்தமும் கேக்கு. கட்டாகல. எல்லாம் தெளிவாக் கேக்கு, டவரு ஃபுல்லா இருக்கு. அப்புறம் ஏம்ட்டி பேச மாட்டேங்க?